எத்தனை சர்வர்கள் உண்மையில் இடம்பெயர்ந்தன? கிளவுட் இடமாற்றத்தின் முன்னேற்றத்தைக் கணக்கிடும் முறை

கிளவுட் இடமாற்றத் திட்டத்தில் "இதுவரை எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் எதனுடைய சதவீதம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். வட்டிலுள்ள தரவு நகலெடுக்கப்பட்டுவிட்டதா, அந்த நகலிலிருந்து ஒரு சர்வர் கிளவுடில் எழுந்து நின்றதா, பயனர்கள் அந்தப் புதிய சர்வரில் வேலை செய்கிறார்களா, பழைய சர்வர் நிரந்தரமாக அணைக்கப்பட்டதா என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். நூறு சர்வர்கள் உள்ள ஒரு திட்டத்தில் முதல் கேள்விக்கு 85, இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 20, நான்காவதற்கு 4 என்று ஒரே நாளில் நான்கு உண்மையான விடைகள் கிடைக்கலாம். கூட்டத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் 85தான். ஆனால் பழைய தரவு மையத்தின் வாடகையையும் மின்கட்டணத்தையும் குறைப்பது நான்காவது எண் மட்டுமே.

இந்த நான்கு எண்களையும் பிரித்துக் கணக்கிடும் முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுக்கு அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்டின் அஸூரிலும் கூகுள் கிளவுடிலும் கருவிகளின் பெயர்களும் நிலைகளின் பெயர்களும் வேறாக இருக்கும். வேலையின் வரிசை ஏறத்தாழ இதுவேதான்.

பட்டியலில் தொடங்குங்கள்

முன்னேற்றத்தைச் சதவீதமாகச் சொல்ல வேண்டுமென்றால் வகுக்கும் எண் சரியாக இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் அந்த எண்ணே யாருக்கும் தெரியாது என்பது வருத்தமான உண்மை. கணக்குப் பிரிவின் சொத்துப் பதிவேட்டில் ஓர் எண்ணிக்கை இருக்கும். ஒரே கணினியில் பல மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளின் நிர்வாகத் திரையில் வேறோர் எண்ணிக்கை. கண்காணிப்பு மென்பொருளில் மூன்றாவது. இவற்றில் எது சரி என்று வாதிடுவதைவிட மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக விசாரிப்பதே வேலையை முடிக்கும் வழி. கண்காணிப்பில் இல்லாத, ஆனால் விஎம்வேரில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள்தான் பின்னாளில் கட்ஓவர் இரவில், அதாவது பயனர்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிவிடும் இரவில், தலைவலி தருபவை.

இயங்கும் சர்வர்களிலிருந்தே தகவலைத் திரட்ட ஏடபிள்யூஎஸ்ஸின் அப்ளிகேஷன் டிஸ்கவரி சர்வீஸ் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, விஎம்வேர் சூழலில் ஒரே ஒரு மெய்நிகர் இயந்திரமாக நிறுவப்படும் ஏஜென்ட் (சர்வருக்குள் நிறுவப்படும் சிறு நிரல்) இல்லாத கலெக்டர். அது ஒவ்வொரு சர்வருக்குள்ளும் எதையும் நிறுவாமல், ஒவ்வொன்றின் அளவையும் சிபியு, நினைவகப் பயன்பாட்டையும் எடுத்துவரும். மற்றொன்று, ஒவ்வொரு லினக்ஸ், விண்டோஸ் சர்வரிலும் நிறுவப்படும் டிஸ்கவரி ஏஜென்ட். அது எந்த நிரல் ஓடுகிறது, அது வேறு எந்த சர்வருடன் பேசுகிறது என்பது வரை பதிவு செய்யும். முதல் வழி விரைவானது. இரண்டாவது வழி சார்புகளைக் காட்டுவது. எல்லா சர்வர்களிலும் ஏஜென்ட் நிறுவ அனுமதி கிடைக்காவிட்டாலும், தரவுத்தள சர்வர்களிலும் யாருக்குச் சொந்தம் என்று தெரியாத சர்வர்களிலுமாவது அதை நிறுவப் போராடுவது நல்லது.

தகவல் திரட்டும் காலம் ஒரு வாரமாக இருந்தால் போதாது. சம்பளக் கணக்கு, மாதாந்திர வரித் தாக்கல், கிளைகளின் மாதக் கணக்கு முடிப்பு போன்றவை மாதத்தில் ஓரிரு நாள்கள் மட்டுமே ஓடுபவை. அவை பேசும் சர்வர்கள் மற்ற நாள்களில் உறங்குவதுபோலத் தோன்றும். ஆகவே குறைந்தது ஒரு முழு மாதம், ஒரு மாத இறுதியையும் உள்ளடக்கியதாகத் தகவல் திரட்டுங்கள். மார்ச் 31 கணக்கு முடிப்புக்கு மட்டும் விழித்தெழும் நிரல்களை எந்தக் கருவியும் ஆகஸ்டில் காட்டித்தராது; அதற்குக் கணக்குப் பிரிவில் நெடுநாள் இருப்பவரிடம் உட்கார்ந்து பேசுவது ஒன்றே வழி.

பட்டியலில் ஒவ்வொரு சர்வருக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடுங்கள். சர்வர் பெயரை அடையாளமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெயர் சோதனைச் சூழலிலும், பயனர்கள் அன்றாடம் வேலை செய்யும் உற்பத்திச் சூழலிலும் இருக்கலாம். ஐபி முகவரியையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இடமாற்றத்தில் மாறப்போவதே அதுதான். விஎம்வேர் தரும் யூயுஐடி என்ற தனித்த அடையாள எண் அல்லது நீங்களே இடும் வரிசை எண் போதும். அந்த எண்ணே நகலெடுக்கும் கருவியிலும், கிளவுட் சர்வரின் டேகிலும், மாற்ற அனுமதிச் சீட்டிலும் இருக்க வேண்டும். இது சிறிய ஒழுங்காகத் தெரியலாம். ஆனால் கருவி ஒன்று சொல்லும் நிலையும் உங்கள் பட்டியல் சொல்லும் நிலையும் ஒரே சர்வரைப் பற்றியவைதானா என்ற சந்தேகம் வராமல் காப்பது இதுவே.

கணக்கின் அலகு அப்ளிகேஷன்

சர்வர்களைத் தனித்தனியாக எண்ணுவது எளிது. ஆனால் பயனருக்கு சர்வர் என்ற ஒன்று கண்ணில் படுவதில்லை. ஒரு சரக்கு மேலாண்மை அப்ளிகேஷனுக்கு இரண்டு இணைய சர்வர்களும், இரண்டு அப்ளிகேஷன் சர்வர்களும், ஒரு தரவுத்தளமும், அறிக்கைகளை அச்சிடும் ஒரு பழைய விண்டோஸ் இயந்திரமும் இருந்தால், அவற்றில் ஐந்து மாறிவிட்டபின் "83 சதவீதம் முடிந்தது" என்று எழுதுவதில் பொருளில்லை. ஆறாவது இயந்திரம் பழைய இடத்தில் இருக்கும்வரை தரவு மையமும் வேண்டும், இணைப்பும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். எனவே ஒவ்வொரு சர்வரும் ஏதேனும் ஓர் அப்ளிகேஷனின் கீழ் வர வேண்டும். அப்ளிகேஷனின் நிலை என்பது அதன் சர்வர்களில் மிகவும் பின்தங்கியதன் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள்.

பல அப்ளிகேஷன்களுக்குப் பொதுவான தரவுத்தள சர்வர் ஒன்று இருந்தால் அதை ஏதேனும் ஒன்றின் கீழ் திணிக்காமல் தனி அப்ளிகேஷனாகவே பதிவு செய்து, மற்றவை அதைச் சார்ந்தவை என்று குறித்துவிடுங்கள். அடையாளச் சரிபார்ப்பு, கோப்புப் பகிர்வு, மின்னஞ்சல் அனுப்பும் சர்வர் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

எல்லாமே கிளவுடுக்குப் போகப்போவதில்லை என்பதும் வகுக்கும் எண்ணைப் பாதிக்கும். சிலவற்றை அப்படியே தூக்கிவைப்போம்; சிலவற்றில் தரவுத்தளத்தை மட்டும் கிளவுடின் நிர்வகிக்கப்பட்ட சேவைக்கு மாற்றுவோம்; சிலவற்றைப் புதிதாக எழுதுவோம்; சிலவற்றுக்குப் பதிலாகச் சந்தா மென்பொருள் வாங்குவோம்; சில ஓய்வுபெறும்; சில பழைய இடத்திலேயே இருக்கும். ஓய்வுபெறுபவையும் உண்மையான முன்னேற்றமே, ஆனால் அவற்றைத் தனிக் கணக்காகக் காட்டுங்கள். யாரும் பயன்படுத்தாத 30 சர்வர்களை அணைத்துவிட்டு "30 சர்வர்கள் இடம்பெயர்ந்தன" என்று அறிக்கை எழுதினால், முதல் காலாண்டில் திட்டம் வேகமாகப் போவதுபோல் தோன்றி, இரண்டாவது காலாண்டில் ஏன் தேங்கியது என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

நிலைகளுக்குச் சான்று கேளுங்கள்

"நடந்துகொண்டிருக்கிறது" என்ற ஒற்றைச் சொல் எதையும் மறைக்கக்கூடியது. ஆகவே கருவி எந்த நிலைகளைத் தருகிறதோ அவற்றையே பட்டியலிலும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு நிலைக்கும் என்ன சான்று வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸின் அப்ளிகேஷன் மைகிரேஷன் சர்வீஸ், சுருக்கமாக எம்ஜிஎன், சர்வர்களை அப்படியே தூக்கிச் செல்வதற்கான கருவி. மூல சர்வரில் ஒரு ரெப்ளிகேஷன் ஏஜென்டை நிறுவினால், அது வட்டின் ஒவ்வொரு பகுதியையும் கிளவுடிலுள்ள ஓர் இடைநிலைப் பகுதிக்கு அனுப்பி, அதன்பின் ஏற்படும் மாற்றங்களையும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். தரவு டிசிபி 1500 என்ற போர்ட் வழியாகவும், கட்டுப்பாட்டுச் செய்திகள் 443 வழியாகவும் செல்லும். ஃபயர்வால் குழுவிடம் இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்காத திட்டங்கள் முதல் மாதத்தை அங்கேயே தொலைக்கின்றன.

எம்ஜிஎன் காட்டும் நிலைகள் வரிசையாக இவை: தயாரில்லை, சோதனைக்குத் தயார், சோதனை நடக்கிறது, கட்ஓவருக்குத் தயார், கட்ஓவர் நடக்கிறது, கட்ஓவர் முடிந்தது. முதல் நகல் முழுமையடையாதவரை சர்வர் "தயாரில்லை" என்ற நிலையிலேயே இருக்கும். "சோதனைக்குத் தயார்" என்பது தரவு போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தத் தரவிலிருந்து ஒரு சர்வர் எழும் என்றோ, எழுந்தால் அப்ளிகேஷன் ஓடும் என்றோ அது சொல்லவில்லை. முன்பு சொன்ன 85 சதவீதம் பெரும்பாலும் இந்த நிலைதான்.

"கட்ஓவருக்குத் தயார்" என்ற நிலையில்தான் ஏமாற்றம் அதிகம். அந்த நிலைக்கு சர்வரை நகர்த்துவது ஒரு மனிதர் அழுத்தும் பொத்தான். கருவி எதையும் சரிபார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அப்ளிகேஷனின் உரிமையாளர், அதாவது அதைத் தினமும் பயன்படுத்தும் பிரிவைச் சேர்ந்தவர், எந்தப் பணிகளைச் செய்து பார்த்தார், எந்த நாளில், எந்தச் சூழலில் என்பதை எழுதித் தர வேண்டும். சர்வர் எழுந்தது, உள்நுழைவுத் திரை வந்தது என்பவை சான்றாகா. ஒரு விலைப்பட்டியல் உருவாக்கப்பட்டது, அது அச்சானது, அதே எண் கணக்கிலும் பதிவானது என்பது சான்று.

எங்கே சோதிக்கப்பட்டது என்பதையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. அது பொது கிளவுடுக்கான மாற்றமன்று, ஆனால் பாடம் ஒன்றுதான். பெருந்தொகையான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இணையாக இயங்க வேண்டிய இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடத்தப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. திட்ட அறிக்கையில் "சோதனை முடிந்தது" என்ற வரி பச்சை நிறத்தில் இருந்தாலும், எதைச் சோதித்தோம் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்க வேண்டும்.

சோதனை சர்வரை எழுப்பும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அது உற்பத்தி சர்வரின் அச்சு அசலான நகல். அதில் நேரம் குறித்து ஓடும் நிரல்கள், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் அமைப்புகள், வங்கிக்குக் கோப்பு அனுப்பும் கணக்குகள் எல்லாம் அப்படியே இருக்கும். எழுந்தவுடன் அது தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே பழைய வலையமைப்புக்கும் இணையத்துக்கும் வழி இல்லாத தனி சப்நெட்டில், அதாவது வலையமைப்பின் தனிப் பகுதியில், அதை எழுப்புங்கள். சோதனைக்கு வேண்டிய வழிகளை மட்டும் பின்னர் திறந்துவிடுங்கள்.

முடியும் நாளைக் கணக்கிடுதல்

நகல் எப்போது முடியும் என்று கருவி ஒரு மதிப்பீட்டைக் காட்டும். அதை நம்புவதற்கு முன் ஒரு தாளில் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மொத்தத் தரவு 10 டெராபைட், இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து டெராபைட் என்பது 80 லட்சம் கோடி பிட்; அதை விநாடிக்கு 10 கோடி பிட்டால் வகுத்தால் 8 லட்சம் விநாடி, அதாவது ஒன்பது நாள்களுக்குச் சற்று அதிகம். திட்ட அட்டவணையில் பெரும்பாலும் இந்த எண்தான் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் அதே இணைப்பில் அலுவலகமும் வேலை செய்கிறது. நகலுக்கு 60 மெகாபிட் மட்டுமே கிடைக்கிறது என்றால் பதினைந்தரை நாள் ஆகும். இதற்கிடையில் மூல சர்வர்களும் சும்மா இருப்பதில்லை. அவற்றில் நாளொன்றுக்கு 200 ஜிகாபைட் மாறுகிறது என்றால், அந்த மாற்றங்களை அனுப்பவே சராசரியாக விநாடிக்கு 18.5 மெகாபிட் தேவை. மிச்சம் 41.5 மெகாபிட், அதில் 10 டெராபைட் போய்ச்சேர 22 நாளுக்கு மேல் ஆகும். ஒன்பது நாள் என்று எழுதப்பட்ட வேலை மூன்று வாரமாக நீண்டதற்கு யாருடைய சோம்பலும் காரணமன்று. கணக்கில் இரண்டு வரிகள் விடுபட்டிருந்தன, அவ்வளவே.

முதல் நகல் முடிந்தபின்னும் தரவு நிலையைத் தினமும் பார்க்க வேண்டும். எம்ஜிஎன்னில் பின்தங்கல், தேக்கம் என்ற இரண்டும் வேறுவேறானவை. பின்தங்கல் என்றால் மாற்றங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, ஆனால் தாமதமாக. இரவு நேர பேக்கப் ஓடும்போது இது இயல்பு, காலையில் சரியாகிவிட்டால் கவலையில்லை. தேக்கம் என்றால் ஏதோ நின்றுவிட்டது. ஃபயர்வால் விதி மாறியிருக்கலாம், ஏஜென்ட் விழுந்திருக்கலாம், யாராவது ஒருவர் தலையிடாமல் அது தானாகச் சரியாகாது. மூல சர்வர் முறைப்படி அணைக்கப்படாமல் திடீரென நின்று மீண்டும் எழுந்தால், ஏஜென்ட் வட்டுகளை முழுவதுமாக மறுபடி ஒப்பிட வேண்டிவரும். பல டெராபைட் வட்டுள்ள சர்வருக்கு இது நெடுநேரம் பிடிக்கும். கட்ஓவருக்கு முந்தைய நாள் இது நிகழ்ந்தால் தேதியைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆகவே கட்ஓவருக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூல சர்வர்களில் எந்தப் பராமரிப்பு வேலையும் கூடாது என்று அறிவித்துவிடுங்கள்.

தரவுத்தளங்களுக்குத் தனிக் கணக்கு

தரவுத்தளத்தை டேட்டாபேஸ் மைகிரேஷன் சர்வீஸ், அதாவது டிஎம்எஸ், வழியாக மாற்றினால் பார்க்க வேண்டிய எண்களும் வேறு. முழு ஏற்றம் நூறு சதவீதம் என்று காட்டியபின்னும் மூன்றைக் கவனியுங்கள். மூலத்திலிருந்து மாற்றங்களைப் படிப்பதில் உள்ள தாமதம், இலக்கில் அவற்றை எழுதுவதில் உள்ள தாமதம் ஆகிய இரண்டும் ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் தனித்தனி அளவீடுகளாகக் கிடைக்கும். இலக்குத் தாமதம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் இலக்குத் தரவுத்தளத்தின் அளவையும் அதில் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களையும் பாருங்கள். மூன்றாவது, அட்டவணைவாரியான சரிபார்ப்பு. இது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ அல்லது யுனிக் கீ உள்ள அட்டவணைகளுக்கு மட்டுமே நடக்கும். கீ இல்லாத பழைய அட்டவணைகள் எவை என்று தொடக்கத்திலேயே பட்டியலிட்டு, அவற்றின் வரிசை எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டலையும் இரு பக்கமும் ஒப்பிடும் வினவல்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்நிலை இண்டெக்ஸ்கள், தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் நிரல்களான ட்ரிகர்கள், ஸ்டோர்டு புரொசீஜர்கள் ஆகியவற்றை டிஎம்எஸ் தானாகக் கொண்டுவராது. தரவு முழுதும் வந்து, சரிபார்ப்பும் தேறி, முதல் நாள் காலையில் ஒரு தேடல் நாற்பது விநாடி எடுத்துக்கொண்டால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

ஒரே திரையில் பார்ப்பது

இவற்றையெல்லாம் ஓரிடத்தில் காட்டவே ஏடபிள்யூஎஸ் 2017 ஆகஸ்டில் மைகிரேஷன் ஹப் என்ற சேவையை வெளியிட்டது. டிஸ்கவரி கருவிகள் கண்டுபிடித்த சர்வர்களையோ, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றிய பட்டியலையோ அதில் அப்ளிகேஷன்களாகத் தொகுத்துவிட்டால், எம்ஜிஎன், டிஎம்எஸ் போன்ற கருவிகள் தங்கள் நிலையை அதற்கு அனுப்பும். ஏடபிள்யூஎஸ் தரவு மையங்கள் உள்ள எந்தப் பிராந்தியத்துக்கு சர்வர்கள் போனாலும் நிலை ஒரே இடத்தில் தெரியும். அந்த ஓரிடத்தை, அதாவது தாய்ப் பிராந்தியத்தை, முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் மாற்ற இயலாது. கருவி அனுப்பும் நிலை, பட்டியலில் ஏற்கெனவே உள்ள சர்வருடன் பொருந்தாவிட்டால் அதே சர்வர் இரண்டாவது முறையும் தோன்றும். எண்ணிக்கை திடீரெனக் கூடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளும் ஏபிஐ வழியாக, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம் வழியாக, நிலையை அனுப்பலாம் என்பது அதன் மிகப் பயனுள்ள, ஆனால் பலர் கண்டுகொள்ளாத வசதி.

2025 நவம்பர் 7 முதல் மைகிரேஷன் ஹப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. டிஸ்கவரி சர்வீசுக்கும் அதே நிலைதான். ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் தொடரலாம்; மற்றவர்களை ஏடபிள்யூஎஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற புதிய சேவையின் பக்கம் அந்நிறுவனம் திருப்பிவிடுகிறது. எம்ஜிஎன்னுக்குள்ளேயே சர்வர்களை அப்ளிகேஷன்களாகவும், அப்ளிகேஷன்களை அலைகளாகவும் (ஒன்றாக இடம்பெயரும் தொகுதிகள்) தொகுக்கும் வசதி உள்ளது. நடுத்தர அளவுள்ள திட்டத்துக்கு அதுவும் ஓர் எக்செல் பட்டியலும் போதும். கருவி வந்துபோகும் என்பதால்தான் சர்வரின் அடையாள எண்ணும் நிலைகளின் வரையறையும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வாரம் ஒருமுறையேனும் முழு நிலையையும் சிஎஸ்வியாக எடுத்துத் தேதியிட்டுச் சேமித்துவையுங்கள். இன்றைய நிலையை எந்தத் திரையும் காட்டும், மூன்று வாரங்களுக்கு முன் எப்படியிருந்தது என்பதை உங்கள் கோப்புதான் காட்டும்.

அந்தக் கோப்புகளைக் கொண்டு செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு சர்வரும் அதன் தற்போதைய நிலையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கணக்கிடுவது. என் அனுபவத்தில் ஒரு திட்டத்தின் உடல்நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் வேறில்லை. சோதனைக்குத் தயாரான 30 சர்வர்கள் வரிசையில் நிற்க, வாரத்துக்கு 6 சர்வர்கள் மட்டுமே சோதனை முடிந்து வெளியேறுகின்றன என்றால், இன்று வரிசையில் சேரும் சர்வர் ஐந்து வாரம் காத்திருக்கும். அங்கே மேலும் ஏஜென்டுகளை நிறுவுவது முன்னேற்றமாகத் தெரியுமே தவிர, வரிசையைத்தான் நீளமாக்கும். சோதிக்கும் ஆள்களைக் கூட்ட வேண்டும், அல்லது நகலெடுப்பதை நிறுத்திவைக்க வேண்டும்.

காத்திருப்புக்குப் பணமும் உண்டு. எம்ஜிஎன் ஒவ்வொரு சர்வருக்கும் ஏஜென்ட் நிறுவியதிலிருந்து 2,160 மணி நேரம், அதாவது 90 நாள், கட்டணமின்றி இயங்கும். அதன்பின் மணிக்கணக்கில் கட்டணம். அந்த 90 நாளிலும்கூட இடைநிலைப் பகுதியிலுள்ள வட்டுகளுக்கும் ரெப்ளிகேஷன் சர்வர்களுக்கும் கட்டணம் உண்டு. ஆகவே பட்டியலில் ஏஜென்ட் நிறுவிய தேதிக்கு ஒரு பத்தியும், அதோடு 90 நாளைக் கூட்டிய தேதிக்கு ஒரு பத்தியும் இருக்கட்டும்.

கட்ஓவர் இரவு

வாரக்கணக்கில் பார்த்துவந்த முன்னேற்றத்தை அன்றிரவு நிமிடக்கணக்கில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் யார் செய்வார், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பார் என்பதை எழுதி, அருகே உண்மையில் முடிந்த நேரத்துக்கு ஒரு வெற்றுப் பத்தி விடுங்கள். சோதனைக் கட்டத்தில் ஒருமுறை இதை முழுவதுமாக ஓடிப்பார்த்தால் எழுதிய நேரங்கள் உண்மைக்கு அருகில் வரும்.

டொமைன் பெயரின் டிடிஎல், அதாவது அதன் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 86,400 விநாடியாக இருந்தால், நீங்கள் முகவரியை மாற்றிய பின்னும் ஒரு முழு நாள் வரை சில பயனர்கள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அதை 300 விநாடியாகக் குறைக்கும் வேலை கட்ஓவர் இரவுக்குரியதன்று; குறைத்ததே பரவ ஒரு நாள் ஆகும் என்பதால், குறைந்தது இரண்டு நாள் முன்பு செய்து, பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் புள்ளியை மணி நேரத்தில் எழுதிவைப்பது இன்றியமையாதது. திங்கள் காலை 8 மணிக்கு அலுவலகம் திறக்கும், பழைய சர்வருக்குத் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும் என்றால், காலை 5 மணிக்குள் சோதனைகள் தேறாவிட்டால் திரும்ப வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு, இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்கும் பொறியாளர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் கேட்பதில் தவறில்லை, கொடுப்பதில்தான் இருக்கிறது. பயனர்கள் புதிய தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கிய பின் பழையதற்குத் திரும்பினால் இடைப்பட்ட பதிவுகள் தொலையும் என்பதை மறக்க வேண்டாம்.

கட்ஓவர் சர்வர் எழுந்து, பயனர்கள் அதில் வேலை செய்யத் தொடங்கியவுடன் எம்ஜிஎன்னில் கட்ஓவரை இறுதி செய்யும் பொத்தானை அழுத்த வேண்டாம். அதை அழுத்தினால் நகலெடுப்பு நின்றுவிடும், இடைநிலைப் பகுதியிலுள்ளவை நீக்கப்பட்டுவிடும். அப்ளிகேஷனைப் பொறுத்து ஓரிரு நாள் பொறுத்திருந்து, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலுக்குப் பிறகு அழுத்துங்கள். ஆனால் அழுத்தாமலே மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் நடக்கிறது. நிலையில் இருக்கும் நாள்களின் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய சர்வரை அணைக்கும்வரை

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008 ஆகஸ்டில் ஏற்பட்ட ஒரு தரவுத்தளப் பழுதுக்குப் பின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மாறத் தொடங்கி, 2016 ஜனவரியில்தான் முடித்தது. வாடிக்கையாளர்கள் காணும் சேவைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது. கட்டணம் வசூலிக்கும் அமைப்பு கடைசிவரை பழைய தரவு மையத்தில் இருந்தது. கடைசியில் மிஞ்சுபவை எப்போதும் கடினமானவையே என்பதால், முதல் மாதங்களின் வேகத்தை நீட்டி முடியும் தேதியைக் கணிக்காதீர்கள். ஒவ்வோர் அலையிலும் ஓரிரு கடினமான அப்ளிகேஷன்களையாவது சேர்த்துவந்தால் அந்த வேகம் உண்மையைச் சொல்லும்.

கட்ஓவருக்குப் பிறகு பழைய சர்வரை உடனே அழிக்காமல், முதலில் வலையமைப்பிலிருந்து துண்டித்து இரண்டு வாரம் விட்டுவையுங்கள். ஒரு மாத இறுதி அதற்குள் வருமாறு பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. யாராவது கூச்சலிட்டால் இணைப்பை மீண்டும் கொடுத்து, அவர் எதற்காக அதைத் தேடினார் என்பதைப் பட்டியலில் எழுதுங்கள். அது நீங்கள் கண்டுபிடிக்காத ஒரு சார்பு. துண்டித்த பின்னும் பழைய சர்வருக்கு வரும் இணைப்பு முயற்சிகளை ஃபயர்வால் பதிவுகளில் பார்த்தால், கூச்சலிடாமல் தோற்றுக்கொண்டிருக்கும் நிரல்களும் தெரியவரும்.

அழிப்பதற்கு முன் அதிலுள்ள பதிவுக் கோப்புகளை எடுத்துவைக்க வேண்டும். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டுள்ளது. சர்வர் போய்விட்டது என்பதால் அந்தக் கடமை போய்விடுவதில்லை. மென்பொருள் உரிமங்கள், கண்காணிப்பு, பேக்கப் ஒப்பந்தம், டிஎன்எஸ் பதிவு, ஃபயர்வால் விதிகள், ஆன்டிவைரஸ் கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் அதன் பெயரை நீக்கியபின், கிளவுடில் மிஞ்சிய சோதனை சர்வர்களும், வட்டு நகல்களான ஸ்னாப்ஷாட்டுகளும் அழிக்கப்பட்டனவா என்று பார்த்து, பட்டியலின் கடைசிப் பத்தியில் அணைத்த தேதியை எழுதுங்கள். அந்தப் பத்தி நிரம்பிய வரிகளை மட்டும் எண்ணி, மேலாளர் கேட்ட சதவீதத்தைச் சொல்லுங்கள்.